மூன்றாவது வரி

புக்கிட்டிங்கி
12 பிப்ரவரி 1936

அன்பு மச்சானுக்கு, ரஃபீகா சலாம் சொல்லி எழுதுவது. எல்லோரும் நலம்.

நம் மகள் ஜவாஹிருக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, பள்ளிக்கூட வாத்தியார். வழக்கப்படி தாய்மாமனான என் தம்பி பஹார்தான் பேசி முடித்தான். ஆனால் நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை உங்களுக்குத்தானே? "வாப்பா வராம நான் உக்கார மாட்டேன்" என்று அடம்பிடிக்கிறாள்.

நேற்று டச்சு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான். இனிப் பத்திரிகையில் எழுதுவதில்லை, கட்சி மேடை ஏறுவதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் உங்களை விட்டுவிடுவார்களாம். போட்டுவிட்டு வாருங்கள். ஆறு வருடம் தீவில் கிடந்தது போதாதா? எனக்கு அலுத்துவிட்டது, மச்சான்.

உங்கள்
ரஃபீகா


பண்டா தீவு
3 ஏப்ரல் 1936

அன்புள்ள ரஃபீகா, சலாம். இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கும் சலாம். பாவம், என் கிறுக்கலைப் படித்தே அவர் கண் போயிருக்கும்.

தாள் இங்கும் வந்தது. உன்னிடம் இரண்டு வரியைத்தான் சொல்லியிருக்கிறான். மகளுக்காக அந்த இரண்டுக்கும் இன்றே கையெழுத்துப் போடுவேன். வெட்கம்தான், போகட்டும். மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது: நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய் என்று.

மலைச்சாலைக்குக் கூலியில்லாமல் கல் சுமக்க உன் வாப்பாவைப் பிடித்துப் போனார்களே, அங்கேயே விழுந்து மூச்சு நின்று மௌத்தானாரே, அதை எழுதியதற்குத்தானே என்னை இங்கே அனுப்பினார்கள்? அதுவும் பொய்யாகிவிடும்.

அவர் உன் வாப்பா. நீ போடச் சொன்னால் போடுகிறேன். தாள் என் தலையணைக்கடியில் இருக்கிறது.

தாஹிர்


புக்கிட்டிங்கி
25 மே 1936

அன்பு மச்சானுக்கு சலாம்.

உங்கள் கடிதத்தை ஜவாஹிருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வந்து, "வாப்பாவைக் கையெழுத்துப் போட வேணாம்னு எழுதுங்கம்மா. மாமுவுக்கு அதிகாரம் எழுதிக் குடுத்தா நிக்காஹ் செல்லும்ல?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். சோறு குழைந்துவிட்டது.

உங்களைப் போடச் சொன்னதற்கு வெட்கமாக இருக்கிறது. கோபமும் இருக்கிறது, உங்கள் மேலும்தான். நம் ஊரில் வீடு பெண்ணுடையது. எந்த வருடம் வந்தாலும் உங்களை உள்ளே விடாதே என்று என்னிடம் சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.

பஹாருக்கு எழுதி அனுப்புங்கள்.

ரஃபீகா


பண்டா தீவு
10 ஜூலை 1936

அன்புள்ள ரஃபீகா, சலாம். இதைப் பஹாரிடம் கொடு:

"என் மகள் ஜவாஹிரை நிக்காஹ் செய்து கொடுக்க, என் மைத்துனர் பஹாருக்கு முழு அதிகாரம் தருகிறேன். தாஹிர்."

அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத் தேதியை எழுது. அன்று நான் இங்கே புதுச் சட்டை போட்டுக்கொள்வேன். அவளிடம் சொல்.

தாஹிர்