ஆலாக்களின் நடுவே

ஹார்ன்விக், ஐஸ்லாந்து
ஜூலை 9

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். தலையில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

நேற்று சுற்றுலா வந்த பத்துப் பேரை வழிகாட்டிக் கடற்கரைப் பாதையில் அழைத்துப் போனேன். ஆலாப் பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும் இடம் வந்ததும், "கையில உள்ள கம்பத் தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. எது உசரமா இருக்கோ அதத்தான் கொத்தும்" என்றேன். தோர்கெல் என்ற ஓய்வு பெற்ற மாலுமி சிரித்தார். "நாப்பது வருசம் புயலப் பாத்தவம்மா நான். குருவிக்கா பயப்படுவேன்?" என்று கம்பைப் போட்டுவிட்டுக் குறுக்கே இறங்கினார்.

இருபது அடி போவதற்குள் மண்டையில் ரத்தம். காலடியில் எங்கு பார்த்தாலும் கூழாங்கல் நிறத்தில் குஞ்சுகள். மனிதர் அசையாமல் நின்றுவிட்டார். நான் போய் என் கம்பை அவரிடம் கொடுத்தேன். "நான் கால் வச்ச எடத்துலயே வைங்க, பெரியவரே." என் தலையைக் கொத்தவிட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து அவரை வெளியே கொண்டுவந்தேன். ஒரு குஞ்சுகூட மிதிபடவில்லை, அப்பா!

இன்று காலை முதல் ஆளாகக் கம்போடு நின்றவர் அவர்தான். "இந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்கப்பா. கேக்காதவன் கதியப் பாருங்க" என்று தன் தலையில் போட்டிருந்த கட்டைக் காட்டினார்.

நீங்கள் படகில் போடும் கம்பளித் தொப்பியை அனுப்புங்கள். புதிது வேண்டாம். மீன் வாடை அடித்தாலும் துவைக்காதீர்கள்.

படகு கிளம்புகிறது, தபாலைக் கேட்கிறார்கள். கோழி கொத்துமென்று கூண்டுக்குள் கையை விடப் பயந்து அழுதவள் என்று ஊரெல்லாம் சொல்வீர்களே, இனி இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செப்டம்பரில் வீட்டுக்கு வந்ததும் கோழி முட்டையை நான்தான் எடுப்பேன்.

உங்கள் மகள்,
ஸ்வாலா