ஒரு தடவை ஜெயித்தவரும் முப்பது வருஷம் சமைத்தவளும்

என் ஆசைப் பச்சையம்மா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் போன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அழித்துவிட்டால் அப்புறம் யாரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவது? இந்தக் கடிதத்தைச் சங்கத்துப் பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரார் படிக்கிறபடி படித்துக்கொள்ளட்டும். நான் உனக்குத்தான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். காரணம் மேசை மேல் இருக்கும் ஒரு காகிதம். ஆபீஸிலிருந்து வந்தது. 'போராட்டத்தில் கலந்துகொண்டதற்கு வருந்துகிறேன். இனி எதிலும் கலந்துகொள்ள மாட்டேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இந்த மாதக் கடைசியில் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வரவேண்டிய தொகை இழுத்துக்கொண்டே போகும் என்று அங்கே இருப்பவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "கடைசி நேரத்துல எதுக்கு மேடம் வம்பு?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

என்ன போராட்டம் என்று கேட்பாய். நீ பாதியில் விட்டுவிட்டுப் போனதேதான். முப்பது வருஷம் சத்துணவு சமைத்தாய், கடைசிக் கொஞ்ச காலம் தவிர எல்லாம் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு உனக்கு வந்த பென்ஷன் ஒரு கேஸ் சிலிண்டருக்கும் ஏழுமலை மாமாவின் மாத்திரைக்கும் சரியாக இருந்தது. நீ போனதும் அதுவும் நின்றது. பக்கவாதத்தில் ஒரு கையும் ஒரு காலும் விழுந்து கிடக்கும் உன் புருஷனுக்கு அதில் பாதிகூடக் கிடையாதாம். கேட்டால், நீங்களெல்லாம் முழு அரசு ஊழியர் இல்லையே என்கிறார்கள். காலையில் போய் அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்வரை நீ பார்த்தது எந்தக் கணக்கில் பாதி வேலை?

போன செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீஸ் எதிரில் ரோட்டில் உட்கார்ந்தோம். வழக்கம்போல அரை மணி நேரம் கோஷம், பிறகு வேன், பிறகு கல்யாண மண்டபம். கைது என்ற பெயரில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டை நீ எவ்வளவு கிண்டல் செய்வாய். "மாப்பிள்ளை ஒருத்தன்தான் கொறை" என்பாய். இந்தத் தடவையும் மேடையில் யாருடைய கல்யாணத்துப் பூ அலங்காரமோ காய்ந்து தொங்கியது. அதன் கீழே நம் ஆட்கள் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

மத்தியானம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. பிரித்ததுமே ஊசிப்போன வாடை. நம்மவர்களில் ஒருத்தி பொட்டலத்தோடு எஸ்.ஐ. அம்மாவிடம் நேராகப் போய், "மேடம், இதை எங்க பசங்களுக்கு நாங்க போட்டிருந்தா இந்நேரம் எங்களை சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க" என்றாள். அந்த அம்மாவுக்கும் பசி. மண்டபத்துச் சமையல்கட்டைத் திறந்துவிட்டால் நாங்களே பொங்கிக்கொள்கிறோம் என்றோம். சாவி வைத்திருந்தவர்தான் நான் உனக்குச் சொல்ல வந்த ஆள்.

அவர் பெயர், கட்சி, தொகுதி எதையும் எழுதப் போவதில்லை. அவரைப் போல எல்லாக் கட்சியிலும் உண்டு. முன்னாள் எம்.எல்.ஏ. ஒரே ஒரு தடவை ஜெயித்தவர். அடுத்த தடவை டெபாசிட் போய்விட்டது, அதோடு சரி. மண்டபம் இப்போது மகன் பெயரில் இருக்கிறது. இவர் சாவிக்கொத்தோடு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேட்டிக்கரை வெளுத்து, என்ன நிறம் என்றே தெரியவில்லை.

மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டார். கல்யாணத்தில் மிஞ்சிய அரிசியும் பருப்பும் இருந்தன. காய்கறிக்குப் போலீஸ் வேனே போய்வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? நூறு பேருக்குச் சமைப்பதெல்லாம் நமக்கு ஒரு வேலையா? ஒன்றரை மணி நேரத்தில் சாம்பார் சாதம் தயார். கைதான நாங்கள் பரிமாறினோம், கைது செய்தவர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தி. நீ இருந்திருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பாய்.

அவர் இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தத் தைரியத்தில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு பென்ஷன் எவ்ளோங்கய்யா வருது?"

தயங்காமல் சொன்னார். தொகையை எழுதினால் உனக்கு மறுபடி நெஞ்சுவலி வரும், விடு.

"எத்தினி வருஷம் சபையில இருந்தீங்க?"

"அஞ்சு வருஷம்மா. அதுல நான் எழுந்து பேசினது நாலு தடவை."

"பென்ஷனை ஏத்தினப்போ என்ன பேசினீங்க?"

சிரித்தார். "அதுக்குப் பேச்சே தேவையில்லம்மா. காலையில ஒருத்தரை ஒருத்தர் அடிச்சிக்கப் போனவங்கெல்லாம் அந்த நேரத்துக்கு ஒண்ணாயிட்டோம். எல்லாரும் மேசையைத் தட்டினோம்."

"நீங்களுமா?"

"ரெண்டு கையாலயும் தட்டினேன்."

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மண்டபத்து வரும்படியைப் பையன் பாத்துக்கறான். என் கையில இருக்கறது இந்த பென்ஷன் ஒண்ணுதான். பேத்திக்கு ஒரு பாவாடை எடுக்கணும்னாலும் யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். நாளைக்கு நான் போயிட்டாலும் வூட்டுக்காரிக்குப் பாதி வரும். அதனால நிம்மதியா தூங்கறேம்மா."

"அதேதாங்கய்யா நாங்களும் கேக்கறோம்" என்றேன்.

அக்கா, அந்தக் கிழவருடைய தூக்கத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. அவருக்கு வருவதை நிறுத்தினால் நம் மாமாவுக்கு வந்துவிடுமா? ஆனால் என் மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அவர் செய்ததும் சேவை என்கிறார்கள், நீ செய்ததும் சேவை என்கிறார்கள். அஞ்சு வருஷச் சேவைக்கு ஆயுளுக்கும் சோறு, அவர் மனைவிக்கும் சோறு. உன் முப்பது வருஷச் சேவைக்கு, உனக்கே அரை வயிறு, உன் புருஷனுக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியதை அவர்களே மேசையைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். நாம் ரோட்டில் உட்கார்ந்தால் அது போக்குவரத்துக்கு இடைஞ்சல். இது சரியா என்று யாரிடம் போய்க் கேட்பது? நீ இருந்தவரை உன்னிடம் கேட்பேன். நீயும் பதில் சொல்லமாட்டாய், டீ போடுவாய்.

நம்மிடம் ஒரு மனு இருந்தது. பணியில் இருந்தோ ஓய்வு பெற்றோ இறந்துபோகும் சத்துணவுப் பணியாளரின் துணைக்குக் குடும்ப பென்ஷன் வேண்டும் என்று. ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. அதில் கையெழுத்துப் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இதுல போட்டா என்னுது ஏதாவது நின்னுடுமாம்மா?"

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பேனாவை மூடிவிட்டார். ஆறு மணிக்கு எங்களை விட்டார்கள். அவர் சமையல்கட்டைப் பூட்டிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான், சுற்றிவளைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்த வேலைநிறுத்தம் உனக்கு மறக்காது. மாமியாரை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், வரமுடியாது என்று உன்னிடம் சொன்னேன். மாமியாருக்கு ஒன்றுமில்லை, அக்கா. மூன்றாவது நாளே இதே மாதிரிக் காகிதம் ஒன்று வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு என் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்தைத் திறந்து பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவளுக்குக் காலேஜ் கட்டணம், சின்னவளுக்கு ஸ்கூல், நாங்கள் குடியிருக்கும் ஆசிரமம் பக்கம் வாடகையெல்லாம் வெளியூர்க்காரர்கள் தருகிற விலைக்கு ஏறிப்போயிருந்தது. எல்லாம் உண்மைதான். பயம் அதைவிட உண்மை.

நீ போடவில்லை. போடாதவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் சுலபமாகத் தூக்கி அடித்தார்கள். உன்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறி, விடியும்போதே கிளம்பிப் போவாய். அப்படி நீ கிளம்பிப்போன ஒரு நாளில்தான் மாமா வீட்டுக்குள் விழுந்தார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தார். நாங்கள் எல்லாரும் போடாமல் இருந்திருந்தால் உன்னை மாற்றியிருப்பார்களா? நீ இங்கேயே இருந்திருந்தால் அவரைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமா? டாக்டரிடம்கூட நான் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போது சாயங்காலம் நாலு மணி. அடி அண்ணாமலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன்.

நேற்றுப் பௌர்ணமி. கிரிவலப் பாதை முழுக்கப் பேப்பர் தட்டும் டம்ளரும். கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் தினக்கூலி ஆட்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது அவர்களுக்கு பென்ஷன் என்ற வார்த்தையாவது இருக்கிறதா என்று யோசித்தேன். எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு இதே யோசனைதான். என் பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். மருமகள் நல்லபடிதான் பார்த்துக்கொள்கிறாள், குறை சொல்லமுடியாது. ஆனாலும் டீ வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். உன்னிடம் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலூர் பொய், கையெழுத்து, எல்லாம். அவர் நாக்கு இன்னும் குழறுகிறது. நிதானமாகத்தான் பேசினார்.

"தெரியும்."

"யாருக்கு மாமா தெரியும்?"

"அவளுக்கு. பஸ்ல போறப்போ பாத்துட்டா. உன் ஸ்கூல்ல அரிசி மூட்டை எறங்கிக்கினு இருந்துச்சாம். நீ வாசல்ல நின்னுக்கினு இருந்தியாம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே மாமா."

"நானும் சொன்னேன், போய்க் கேளுடின்னு. ரெண்டு பொட்டப் பசங்களை வெச்சிக்கினு அது இன்னா பண்ணும், வுடுன்னுட்டா."

பிறகு பரணில் இருந்து ஒரு பையை எடுக்கச் சொன்னார். உன் பை. அதில் அந்த வேலைநிறுத்தத்தின் வருகை நோட்டு இருந்தது. தினமும் வந்து உட்கார்ந்தவர்களின் பெயரை நீதான் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட உன் கோணல் எழுத்து. புரட்டினேன். முதல் நாளில் சாந்தி என்று என் பெயர். நாலாவது நாளில் சாந்தி. ஒன்பதாவது நாள், பதினோராவது நாள், கடைசி நாள்வரை ஒரு பக்கம் விடாமல், உன் பெயருக்கு அடுத்த வரியில் சாந்தி.

சங்கத்தில் இதுவரை ஒருவர்கூட என்னை ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசித்ததில்லை. உனக்குத் தண்டனை வாங்கித்தந்த அந்தப் போராட்டத்தில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாயா நீ? அதற்கப்புறமும் எனக்கு டீ போட்டுக்கொடுத்தாயே, அக்கா. ஒரு நாளாவது முகத்தைத் திருப்பியிருக்கக் கூடாதா?

அழுதுதான் தீர்த்தேன். மாமா நல்ல கையால் என் தலையைத் தொட்டார். நீ சாகும்போது உன்னிடம் கேட்காத மன்னிப்பை இப்போது ஊரறியக் கேட்கிறேன். மன்னித்துவிடு.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தொகை இழுத்தால் சின்னவள் கல்யாணம் தள்ளிப்போகும். அவளிடம் சொல்லிவிட்டேன். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றாள், முகம் மட்டும் வாடிப்போனது. ஆனாலும் நாளைக்குக் காலையில் அந்தக் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுக்கிறேன். அந்தப் பெரியவரையும் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். இந்தத் தடவை சிரிக்கமாட்டேன், என் கதையைச் சொல்வேன். அப்புறம் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். மாமா யார் முகத்தையும் பார்க்காமல் டீ கேட்கும் நாள்வரை, ஓய்வு பெற்றபிறகும் நான் போய் உட்காருவேன்.

புதன்கிழமை மறுபடி உட்காருகிறோம். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இனிமேல் என் பெயரை நானே எழுதுகிறேன், அக்கா.

நீ விட்டுக்கொடுக்காத உன் தங்கச்சி,
சாந்தி