ஓங்கிய கையைக் கூப்பவைத்தார்கள்

நானா,

இன்று காலை கடைத்தெரு முனையில் நீங்கள் கைகூப்பிச் சிரித்தீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனைத் தூக்கிப் பிடித்து நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தபோது உங்களிடம் ஒரு சிரிப்பை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "சிரிச்சா நானாவுக்கு வரி போடுவாங்களோ?" என்று உங்கள் எலெக்ட்ரிக் கடையில் உட்கார்ந்துகொண்டே, கூடப்பிறக்காத தம்பி என்ற உரிமையில் கேலி செய்வேன். நீங்கள் மவுத்தாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பல் தெரியச் சிரிக்கவைத்துவிட்டார்கள்.

போனில் ஊர்ச் சரித்திரம் காட்டும் அந்தச் செயலியில் நடிக்க ஆள் எடுக்க வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் காரைக்காலுக்கு வந்தது நினைவிருக்கும். தெருவில் நின்று போனைப் பிடித்தால் அதே தெருவில் பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர்வலம் நடக்குமாம். இந்தியாவோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டவர்களும் அவர்களை அடித்துக் கலைத்த சிப்பாய்களும் இன்றைய டீக்கடைக்கும் ஏ.டி.எம்.முக்கும் நடுவில் தெரிவார்களாம். நாடகத்தில் நடித்த பழக்கத்தில் நீங்கள் போனீர்கள். சரித்திர வாத்தியார் ஒருவன் கூட இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அவர்கள் எழுதி வைத்திருந்த காட்சியில் தடியெடுத்து அடிப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "வெள்ளக்காரன் உத்தரவுதான் தம்பி போட்டான். தடி புடிச்ச கை நம்மூருக் கை. எங்க வாப்பாவ அடிச்சவன் ரெண்டு தெரு தள்ளி இருந்தவன். எங்க வூட்டு நோம்புக் கஞ்சி வாங்கிக் குடிச்சவன்." அந்த அடிக்குப் பிறகு உங்கள் வாப்பா தொழ நின்றால், இரண்டு கையையும் உயர்த்த வேண்டிய இடத்தில் ஒரு கைதான் உயரும் என்று நீங்கள் சொன்னபோது அந்தப் பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். காட்சி மாறியது.

ஆனால் சிப்பாயாக நிற்க யார் வருவார்கள்? கொடி பிடிக்க அடிதடி, தடி பிடிக்க ஆளில்லை. கடைசியில் சிவப்புத் தொப்பியை நீங்களே எடுத்து மாட்டிக்கொண்டீர்கள். "அடிச்சவன் இல்லாம அடிபட்டவன் ஏதுங்க?" என்றீர்கள். ஓங்கின கை இறங்கவேயில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசியில் அடித்தீர்கள். முடிந்ததும் ஓரமாகப் போய் உட்கார்ந்தீர்கள், நான் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை வேறு யார் மேலும் வந்ததில்லை நானா.

உங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கமில்லை. உங்களை இழந்து வீட்டுக்குள்ளேயே இருந்த நாலு மாச இத்தா முடிந்து வெளியே வந்ததும், உங்கள் வீட்டு அக்கா என்னைத் தேடி வந்தார்கள். "தம்பி, அவுங்க நடமாடுறது அந்த முனையில தெரியுதாமே?" காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நீங்கள் தடியை ஓங்கினீர்கள். "இந்த மூஞ்சியையா எனக்கு வச்சிட்டுப் போனாங்க?" என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார்கள். வேறு எங்கே போய்ப் பார்ப்பார்கள், பாவம்.

பள்ளிப் பிள்ளைகள் உங்களைப் பார்த்து "பாவிப்பய, அடிக்கிறான் பாரு" என்பார்கள். நான் உங்கள் வாப்பா கதையைச் சொல்வேன். அப்படியே அடங்கிப்போவார்கள். நான் நடத்திய பாடங்களிலேயே அதுதான் உருப்படியான பாடம்.

அது சிலருக்குப் பொறுக்கவில்லை. சிப்பாய் வீட்டுப் பேரன்கள் சிலருக்குக் கோபமாம். வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் நேரத்தில் எதற்கு வம்பு என்று மேலே யாரோ சொன்னார்களாம். காட்சியை மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டு நான் போய்ச் சண்டை போட்டேன். செயலிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஏ.சி. அறையில் எனக்கு டீ வரவழைத்தார். "ஹிஸ்டரிய யாரும் மாத்தலீங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா காட்டுறோம், அவ்வளவுதான்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மேலே கொத்தமல்லியும் தூவுகிறார்கள்.

இன்று பார்த்தால் அடியே இல்லை. ஊர்வலம் பூமாரியில் நடக்கிறது. தடியைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் உங்கள் உடம்பையே வளைத்து, யாரோ ஒருவன் குரலில் "காரைக்காலுக்கு நல்வரவு" சொல்லவைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "யாரும் யாரையும் அடிக்கலன்னா அப்பறம் எதுக்கு சார் விடுதல கேட்டாங்க?" வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் போனுக்குள் உங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா வந்தார்கள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ். இதான் தம்பி அவுங்க மொகம். வூட்டுக்குள்ள எங்கிட்ட இப்படித்தான் சிரிப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "முன்னாடி அடிச்சாங்களே, அதெல்லாம் பொய்தானே தம்பி?"

நானா, நான் என்ன செய்ய? "பொய்தான்க்கா" என்றேன்.

இனி அந்த அடியைச் சொல்ல என் வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் அக்கா அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.