பதினேழாம் எண்ணுக்கு நான் இட்ட மதிப்பெண்

ஐயா,

நீங்கள் மறைந்து ஒரு மாதம் கழித்து உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்து, சணற்கயிறு கட்டிய தாள்கட்டு ஒன்றைக் கொடுத்தார். "இதை உங்ககிட்டதான் குடுக்கணும்னு அப்பா சொல்லிண்டே இருந்தார், மாமா" என்றார். அவிழ்த்தேன். பழந்தாளின் நெடியோடு, உங்கள் மேல்துண்டில் எப்போதும் வீசும் பச்சைக் கற்பூரமும் மணந்தது. உள்ளே இருந்தவை நம் ஐந்தாம் படிவத்து மாணவர்கள் அன்று பெயரின்றி, எண் மட்டும் இட்டு எழுதிய கட்டுரைகள். இவற்றை எனக்கு ஏன் அனுப்ப வேண்டும்? ஓரங்களில் என்னைப் பற்றி ஏதேனும் குறித்து வைத்திருப்பீர்கள் என்று ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் புரட்டினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது என் ஐயத்தைப் பெருக்கவே செய்தது.

உங்களைப் பார்த்த முதல் நாளே ஐயுற்றவன் நான். திருச்சிராப்பள்ளியில் ஒரே பள்ளியில் நாம் இருவரும் தமிழாசிரியர்கள். நீங்கள் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, நெற்றியில் திருமண் காயாமல் வருவீர்கள். நான் மருங்காபுரியின் வறண்ட மண்ணிலிருந்து வந்தவன். பகலில் இலக்கணம் நடத்திவிட்டு, மாலையில் மேடையேறிப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்குபவன். உங்கள் பிரிவில் திருவரங்கத்துப் பிள்ளைகளே ஒவ்வொரு தேர்விலும் முந்தி நின்றார்கள். ஒரு நாள் ஆசிரியர் அறையில் எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டேன்: "உங்க தெருப் பிள்ளைங்களுக்கு மட்டும் பேனா தாராளமா ஓடுதே, ஐயா?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "சந்தேகம் வந்துட்டா தீர்த்துக்கணும், புலவரே. தாள்ல பேரே வேண்டாம், நம்பர் போதும். என் வகுப்பை நீங்க திருத்துங்கோ, உங்க வகுப்பை நான் திருத்தறேன்." எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தலைமையாசிரியரின் பெட்டிக்குள் போயிற்று.

கட்டுரைக்குத் தலைப்பையும் நீங்களே தந்தீர்கள்: 'நான் ஒருவரைத் தாழ்வாக எண்ணிய நாள்.' இரு பிரிவையும் ஒன்றாக அமர்த்தி நீங்கள் பேசியதை வாயிற்படியில் நின்று கேட்டேன். "உங்களை யாரோ மட்டமா நடத்தினதை எழுத வேண்டாம். அதை எல்லாரும் நன்னா எழுதிடுவா. நீங்க நடத்தினதை எழுதுங்கோ. யார் எழுதினான்னு வகுப்புல ஒருத்தருக்கும் தெரியாது." என்ன சூழ்ச்சி இது என்று என் உள்ளம் கொதித்தது. மிதிபட்டவன் பிள்ளையையும் மிதித்தவன் பிள்ளையையும் ஒரே குற்றக் கூண்டில் ஏற்றிக் கணக்கை நேர்செய்யப் பார்க்கிறீர்கள் என்று எண்ணினேன்.

பிறகு பதினேழாம் எண் தாள் என் கைக்கு வந்தது. பெருநாளன்று ஓர் இசுலாமிய நண்பன் தன் தாய் செய்த சேமியாப் பாயசத்தைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுக்கிறான். எழுதியவன் சிரித்துக்கொண்டே வாங்கி, வீடு திரும்பும் வழியில் வாய்க்காலில் கொட்டிவிடுகிறான். மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொடுத்து, 'மிகவும் நன்றாக இருந்தது' என்கிறான். நண்பனின் முகம் மலர்ந்ததைத்தான் தன்னால் பொறுக்க முடியவில்லை என்று முடித்திருந்தான். கண் கலங்கினேன். நூற்றுக்குத் தொண்ணூறு இட்டேன். அதற்குமுன் எவருக்கும் நான் அவ்வளவு இட்டதில்லை.

மதிப்பெண் அறிவிக்கும் நாளில், இரு பிரிவுக்கும் முன்னால் அதை உரக்கப் படித்தேன். படித்து நிறுத்தியிருக்கலாம். மேடை என் நாவில் ஏறிக்கொண்டது. "தன்னைத் தானே அறுத்துப் பார்க்கும் இந்த நேர்மை உழைப்பவன் வீட்டில்தான் பிறக்கும், கோயில் மதிலுக்குள் பிறக்காது! எழுதியவனே, எழுந்து நில்! இந்த அவை உன்னைக் காணட்டும்!"

பின்னாலிருந்து, "புலவரே, வேண்டாம்" என்றீர்கள். தோற்கப் போவதால் தடுக்கிறீர்கள் என்றே கொண்டேன்.

எழுந்தவன் நெற்றியில் திருமண். கோயில் தொண்டு செய்யும் குடும்பத்துப் பையன், உங்கள் தெரு. அவனைப் பார்த்த எல்லாக் கண்களும் அடுத்த நொடியே மூன்றாம் பலகையில் இருந்த பெரியகடைத்தெரு இசுலாமிய வணிகர் மகனிடம் திரும்பின. அவர்கள் இருவரும் இணைபிரியாதவர்கள் என்பது பள்ளிக்கே தெரியும். அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "அம்மா கேட்டா நல்லா இருந்துச்சுன்னே சொல்லிடுறேன்டா."

மறுநாள் திருமண் பையன் வரவில்லை. ஊர்வாயில் மகன் பெயர் விழுந்தது போதும், படிப்பும் போதும் என்று தந்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி கொண்டுவந்தீர்கள். "நான் போய்ப் பேசறேன். வரேளா?" என்றீர்கள். என்னை உங்கள் தெருவாரிடம் பிடித்துக் கொடுக்கவே அழைக்கிறீர்கள் என்று எண்ணினேன். ஆனாலும் வந்தேன்; அந்தப் படிப்பை நிறுத்தியது என் நாக்குதானே. பேருந்தில் பாலம் கடக்கும்வரை மறுப்புரை ஒன்றை மனத்துள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

வாயிலில் நிறுத்திப் பேசுவார் என்றிருந்தேன். "உள்ள வாங்கோ" என்றார் தந்தை. அமர்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "தொண்ணூறு மார்க் போட்டேளாமே. எங்காத்துப் பையன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேளா?"

அடுக்கி வைத்த உரையைக் கைவிட்டேன். உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"போட்டிருக்க மாட்டேங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு, "போட்டிருப்பேன்னு சொல்லியிருந்தேள்னா இப்பவே எழுந்து போகச் சொல்லியிருப்பேன்" என்றவர், உள்ளே திரும்பி, "டேய், நாளைக்கு ஸ்கூலுக்குக் கிளம்பு" என்றார்.

திரும்பும் வழியில் உங்களை மடக்கினேன். "அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"

வாய்விட்டுச் சிரித்தீர்கள். "எங்க தெருக்காரர்னா ஒரு கேள்விகூடச் சொந்தமா வராதா, புலவரே?"

மறுநாள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளிடமும் பொறுத்தருளக் கேட்டேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். வணிகர் மகன் தலையை மட்டும் அசைத்தான். மற்றவன், "நீங்க படிச்சவரைக்கும் நன்னாதான் இருந்தது, சார். எழுந்து நில்லுன்னேளே, அதான்..." என்று நிறுத்திக்கொண்டான். பல நாள் அவர்கள் தனித்தனியே அமர்ந்தார்கள். பிறகு ஒரு நாள் ஒரே பலகையில் கண்டேன். அதில் என் பங்கோ உங்கள் பங்கோ எதுவும் இல்லை.

பத்தாண்டுக்கு மேலாயிற்று. இன்றும் மேடையேறுகிறேன், இன்றும் முழங்குகிறேன், சொன்னவற்றில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் எவரேனும் நல்ல சொல் ஒன்று சொல்லி என் கை தட்ட எழும்போது, சொன்னவர் யார் என்று கண் முந்திக்கொண்டு தேடுகிறது. அப்படித் தேடுவதை நான் அறிந்துகொள்கிறேன். முன்பு அறியமாட்டேன். ஐயப்படுவதை நான் விடவில்லை, ஐயா. அப்போது உங்களை மட்டுமே ஐயுற்றேன். இப்போது முதலில் என்னை. அதன் பிறகே, இந்தத் தாள்கட்டை அனுப்பிய உங்களை.