தேநீருக்குப் போட்ட கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சியின் சுகாதாரக் கணக்கெடுப்பு முடிந்தது. நானூற்றுப் பதின்மூன்று வீடுகள். கடைசி வீடு அக்காவுடையது.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள், 'தொடர்ந்து சாப்பிடும் மருந்து' என்ற கட்டத்தில் நின்றாள். மனச்சோர்வுக்கு மூன்று வருடமாக மாத்திரை. அவள் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

"இதையும் எழுதணுமாடி?"

"ஆஸ்பத்திரியில எவ்வளவு மருந்து வாங்கி வைக்கணும்னு பாக்கத்தான்க்கா. நான் இருக்கேன்ல."

எழுதினாள்.

மார்ச் 19, புதன்

நகராட்சிக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்பு. கணக்கெடுப்பு விவரங்களை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று. அறிவிப்பை எங்கே ஒட்டியிருந்தார்கள்? கூடத்துக் கதவின் உள்பக்கம்! வேலை நாள், காலை பதினொரு மணி. வந்தது ஒன்பது பேர், அதில் நான்கு பேர் எங்கள் அலுவலகம். நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தேநீர். போட்டோம். அதிகாரி வாசித்தது மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அந்தத் தேநீர் நோட்டை நகலெடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். மேலே புதுத் தலைப்பு: 'சம்மதம் தெரிவித்த பொதுமக்கள்'. முதல் கையெழுத்து என்னுடையது.

"சார், இது டீக்குப் போட்டது."

"யாராவது எந்திரிச்சு வேணாம்னாங்களா? இல்லேல்ல? ஜனநாயகம்னா அதான்மா."

மீசையில் பிஸ்கட் தூளோடு அதிகாரி சிரித்தார். விவரங்கள் போய்ப் பத்து நாள் ஆகிறதாம்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பது கப் தேநீர். அதுவும் ஆறிப்போனது. சீ.

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளி தன் ஊழியர்களுக்குக் காப்பீடு எடுக்கப் போயிருக்கிறது. அதே நிறுவனம். அக்கா பெயருக்கு எதிரே மாத்திரையின் பெயரை எழுதி, கட்டணத்தை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியை அவளை வகுப்பிலிருந்து எடுத்து, பழைய புத்தகங்களை அடுக்கும் அறையில் போட்டுவிட்டாள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க"வாம்.

அக்கா கத்தவில்லை. "உன்கிட்ட மட்டும்தானடி சொன்னேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவர்களைப் பார்த்து அருவருப்பு. என்னைப் பார்த்து — அதைவிட. எந்த முகத்தோட போய் நிப்பேன்? என்னத்தச் சொல்லுவேன்?

ஏப்ரல் 28, திங்கள்

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லை, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி வீடுகள் மறுப்பு எழுதிக் கொடுத்தால், கொடுத்த விவரங்களைத் திரும்பப் பெற்று, நகராட்சி மன்றம் எல்லோர் முன்னாலும் மறுபடி விவாதிக்க வேண்டும்.

முகவரிப் பட்டியலைத் தொடவில்லை. மறுப்புப் படிவங்களோடு கிளம்பினேன்; கால்களுக்கே வழி தெரியும்.

மே 3, சனி

"மறுபடியும் நீயா?" என்று தையல்காரர் கதவைச் சாத்தினார். சரிதான். எனக்கு இது வேண்டியதுதான்.

அரை மணி கழித்து அவரே தெருமுனை வரை வந்து கையெழுத்துப் போட்டார்.

மே 8, வியாழன்

வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதற்கு விளக்கம் கேட்டு அதிகாரி மெமோ கொடுத்தார். வாங்கியதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன். காத்திருந்தார்.

மே 11, ஞாயிறு

இருநூற்றுப் பதினொரு மறுப்புகள். போதும். ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கதவைப் பாதி திறந்தாள். படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

"இத யாருக்குக் குடுப்பே, எதுக்குக் குடுப்பேன்னு முதல்ல நீ எழுது. எழுதிக் கையெழுத்துப் போடு."

வாசல்படியில் உட்கார்ந்து எழுதினேன். போட்டேன். அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்து, அவளும் போட்டாள்.

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை உடனே சாத்தவும் இல்லை.