கடுதாசியை மட்டும் சுட்டவர்

அண்ணை,

ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில் இன்று பின்னேரம் ஒரு புளிப் பொட்டலம் உடைந்து, தட்டு முழுவதும் ஒழுகிக் கிடந்தது. மற்றவர்களுக்கு அந்த மணம் மீன்குழம்பு. எனக்கு அது தோட்டா. காசு வாங்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்பாள். ஆகவே ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடியபடி வெளியே வந்தேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு பெரிய உடற்பயிற்சி என்று உங்களுக்குத் தெரியும்.

பழப்புளி கரைத்துத் தோட்டா செய்த வேறு மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை. பகலெல்லாம் ரூ லூயி-பிளாங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சனத்துக்கு விமானச்சீட்டு விற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சனம் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போக, நீங்கள் தோளில் ஒரு நீளப் பையோடு புறநகர் ரயில் ஏறுவீர்கள், துப்பாக்கிச் சுடும் கழகத்துக்கு. லிசான்ஸ், அனுமதி, வீட்டில் இரும்புப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு பூட்டு. எங்கள் ஆட்களில் கார் லிசான்ஸே ஒழுங்காக இல்லாதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பப்பியே, அதுதான் பத்திரங்கள், ஒன்றிலும் ஒரு புள்ளி பிழை பிடிக்க முடியாது.

"ஏன் அண்ணை உந்த வேலை? மனிசர் சீட்டாடினம், குடிக்கினம், என்னை மாதிரி ஊர் வம்பு கதைக்கினம். உங்களுக்கு ஏன் துவக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

நீங்கள் கோப்பியை ஊதிக்கொண்டு சொன்னீர்கள்: "ஊரில வெடிச்சத்தம் கேட்டால் ஆரோ விழுந்திட்டான் எண்டு அர்த்தம். இஞ்சை வெடிச்சத்தம் கேட்டால் போய்க் கடுதாசியைப் பார்க்கிறது, 'அட, இந்தமுறையும் இடப்பக்கம் இழுத்துப்போட்டுது' எண்டு சொல்லுறது, திரும்பி வந்து கோப்பி குடிக்கிறது. ஒருத்தரும் விழாத வெடி. எனக்கு உது காணும்."

ஊரில் நீங்கள் துவக்கைத் தொட்டதே இல்லை. சண்டைக்கு ஆள் பிடித்த காலத்தில் சங்கக்கடை மாமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்திருந்து, தும்மல் வந்து, மூக்கைப் பொத்தி மயங்கி விழுந்த வீரர் நீங்கள். நானும் அப்படித்தான். என்ன, நான் ஒளித்த இடம் இதைவிட மணமானது, எழுத முடியாது.

தோட்டாவை மறுபடி நிரப்புவதை முதன்முதலில் உங்கள் குசினியில்தான் பார்த்தேன். ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதைக் கழுவி, அடியில் புதிதாக ஒரு அமோர்ஸ் இருத்தி (நெருப்புப் பிடிக்கும் அந்தச் சின்னக் குமிழுக்கு எங்கள் வாயில் வேறு பெயர் வரவில்லை), வெடிமருந்து போட்டு, மேலே ஈயத் தலையை இறுக்கினால் பழைய கோது புதுத் தோட்டா. மேசையில் பூட்டிய அந்த இரும்புப் பிரெஸ்ஸின் கைபிடியை நீங்கள் அமத்துகிறபோது, பக்கத்தில் உங்கள் மனைவி, எனக்கு அக்கா, இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்ப உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்தியே தம்பி," என்றார் என்னிடம். "இஞ்சால நான் இடியப்பம் பிழியிறன், அங்கால உவர் வெடி பிழியிறார். எது வாயில போடுறது எண்டு பாத்துப் போடு."

உக்ரைன் பக்கம் சண்டை தொடங்கிய பிறகு அமோர்ஸும் மருந்தும் கடைகளில் இல்லாமல் போயின. இருந்த கொஞ்சமும் பொன் விலை. உங்கள் கழகத்துப் பிரெஞ்சுக்காரர்கள் இடிந்துபோனார்கள். துவக்குக் கடைக்காரர் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று சொன்னதைக் கேட்டு ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியர் கண்கலங்கினாராம். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஊரில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தி, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த எங்களுக்கு 'அடுத்த மாதம்' என்ற சொல் புதிதா? மற்றவர்கள் முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்க, நீங்கள் சுடும் இடத்தில் குனிந்து, அவர்கள் விட்டெறிந்த கோதுகளைக் கேட்டுப் பொறுக்கினீர்கள். கழுவும் பசை விலையேறியதும் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைக் கரைத்து ஊறப்போட்டீர்கள். பத்து வெடி வைக்கிற இடத்தில் மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் மூச்சுப் பிடித்தீர்கள். விலை ஏற ஏற உங்கள் குறி திருந்தியது. அந்தக் கழகத்தில் அந்த வருடம் முன்னேறிய ஒரே ஆள் நீங்கள்.

அதைப் பார்த்துத்தான் கழகத் தலைவர் உங்கள் பின்னால் வரத் தொடங்கினார். நாங்கள் 'பிரெசிதோன்' என்று கூப்பிடும் அந்த நெட்டை மனிதர் புளி வாங்க எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பெலுக்கே வந்தார், நினைவிருக்கிறதா? நான்தான் வழிகாட்டி. கடைக்குள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, முகத்தைக் கோணியபடி, "இதை நீங்கள் சாப்பிடவும் செய்வீர்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். "மொன்சியூர், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றேன். உங்களிடமிருந்த அமோர்ஸில் அவருக்கும் அள்ளிக் கொடுத்தீர்கள். அவர் உங்களை 'என் நண்பர்' என்றார். நானும் நம்பினேன்.

நானும் ஒருமுறை உங்களோடு சுடப் போனேன். என் வெடி பக்கத்துக்காரரின் கடுதாசியில் நடு மத்தியில் போய் நின்றது. அவர் எனக்கு நன்றி சொன்னார். அதோடு என் ஆயுத வாழ்வு முற்றுப்பெற்றது.

உங்கள் ஆயுத வாழ்வு முற்றுப்பெற்றது அந்தச் சரஸ்வதி பூசையில்.

மாதக் கணக்காகக் காத்திருந்து உங்களுக்கு ஒரு பெட்டி அமோர்ஸ் வந்திருந்தது. வந்தது பூசைக்கு முதல்நாள். உங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அந்த மாசியில் நடக்கவிருந்த வட்டாரப் போட்டியில் முதன்முதலாக உங்கள் பெயரும் இருந்தது. பூசையில் பிள்ளைகள் கொம்பாசுப் பெட்டி, கணக்குப் புத்தகம் வைப்பார்கள், அக்கா தையல் மெசின் வைப்பார், கார் வைத்திருப்பவன் திறப்பை வைப்பான். நீங்கள் பிரெஸ்ஸை வைத்தீர்கள். அதற்குச் சந்தனம், குங்குமம், ரூ பெர்தொனேயில் வாங்கிய மல்லிகைச் சரம். முன்னால் புது அமோர்ஸ் பெட்டி. அதற்கும் முன்னால், புளியில் மினுக்கிய தோட்டாக்களை அவல் தட்டுக்கும் கடலைத் தட்டுக்கும் நடுவில் வரிசையாக நிறுத்தினீர்கள். வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான் கடலைத் தட்டிலேயே கண்ணாக இருந்தேன்.

அக்காவின் தம்பி போனை எடுத்தான்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, சரஸ்வதியை மறைக்கிறியள்."

"சும்மா இரடா, உதெல்லாம் போடாதை."

"எங்கட குடும்பக் குறூப்புக்கு மட்டும்தான் அத்தான்."

குடும்பக் குறூப்! எங்கள் குடும்பம் என்றால் ரொறொன்ரோ, சூரிச், லண்டன், ஊர், பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் இருக்கிற பள்ளிக்கூடக் குறூப், கோயில் குறூப். விடிவதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது. யாரோ சரஸ்வதியை வெட்டி நீக்கிவிட்டான். அவல் தட்டையும் வெட்டிவிட்டான். மிஞ்சியது நீங்களும் தோட்டா வரிசையும், பின்னணியில் இயக்கத்தின் எழுச்சிப் பாட்டு ஒன்றும்.

அந்தக் கிழமை ரூ பெர்தொனே தேத்தண்ணிக் கடையில் நான் கேட்டதை உங்களிடம் அப்போது முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் யாருக்கு நோகப் போகிறது?

"ஆள் பழைய ஆள் மச்சான். ரிக்கெட் விக்கிறதெல்லாம் நடிப்பு."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சத்தமில்லை?"

"பெரிய ஆக்கள் சத்தம் போட மாட்டினம்."

"எனக்கு அவரோட ஒரு படம் எடுக்கோணும்."

"விசரே உனக்கு? அவரோட நிண்டால் உன்ர நசியொனாலித்தே, குடியுரிமை எல்லாம் கோவிந்தா!"

நான் இடையில் புகுந்து, "அந்தாள் கடுதாசிக்குச் சுடுது ஐசே. வட்டம் கீறின கடுதாசி. விளையாட்டு" என்றேன்.

ஒருவன், "உம்மட்டைப் பகிடிக்குக் குறைவில்லை" என்று என் முதுகில் தட்டினான். பாதிப் பேர் உங்களைக் கும்பிட்டார்கள், பாதிப் பேர் வீதியைக் கடந்து மறுபக்கம் போனார்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவன் சந்தோசத்துக்காகத் துவக்குப் பிடிப்பான் என்று நம்ப ஒருத்தருமில்லை.

அந்த வெட்டிய படத்தை யாரோ கழகத்துக்கும் அனுப்பினான், பெயர் போடாமல். பிரெசிதோன் வந்து பார்க்கச் சொல்லி ரொந்தேவு தந்தார். என்னைவிட உங்களுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனாலும், "நீயும் வா, பக்கத்தில ஒரு தமிழ் முகம் இருந்தால் காணும்" என்று கூட்டிப்போனீர்கள்.

அவர் கோப்பி தந்தார். படத்தை மேசையில் வைத்தார். "தோட்டாக்களை ஏன் வணங்குகிறீர்கள்?" என்றார்.

நீங்கள் வெட்டாத படத்தைக் காட்டி, ஆறுதலாக விளக்கினீர்கள். இது படிப்புக்குரிய தெய்வம். இன்றைக்குச் சமையல்காரன் கத்தியை வைப்பான், சாரதி வாகனத்தை வைப்பான், பிள்ளை கணக்குப் புத்தகத்தை வைக்கும். எந்தப் பொருளால் எங்கள் நாள் ஓடுகிறதோ அதற்கு நன்றி சொல்லுகிறோம்.

"எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் மற்ற அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். காலமும் சரியில்லை. இந்த வருடம் உங்கள் புதுப்பிப்புக்கு நான் கையெழுத்து வைக்க முடியாது. கொஞ்சக் காலம்தான், நண்பரே."

அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் துவக்கு இல்லை, மாசிப் போட்டி இல்லை. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எழும்பும்போது அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, "உங்களிடம் இருக்கிற அமோர்ஸ்... இனி உங்களுக்குப் பயன்படாதல்லவா? இப்போது எங்குமே கிடைப்பதில்லை" என்றார்.

கொடுத்தீர்கள். பூசையில் வைத்த அதே பெட்டியை, மூடியில் குங்குமம் அழியாமல் இருக்க, அடுத்த கிழமை கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தீர்கள். காசும் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது மெத்ரோவில் நான் கத்தியது வண்டி முழுக்கக் கேட்டது. "உங்களுக்கு ரோசம் இல்லையே அண்ணை? கால்வாயில கொட்டியிருக்கலாமே!"

"கொட்டினால் ஆருக்கு லாபம்?" என்றீர்கள். "அவங்களும் கடுதாசிக்குத்தானே சுடப் போறாங்கள்."

அந்தப் பதிலுக்கு நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டும். பக்கத்தில் இருப்பவனையும் யோசிக்க வேண்டும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். கோயிலுக்குப் போனால் ஒருவன் காலில் விழ வருகிறான், இன்னொருவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். தேர்த் திருவிழாவில் யாரோ சீனவெடி கொளுத்தியபோது நீங்கள் கடை வாசலுக்குள் ஒதுங்கிக் காதைப் பொத்தினீர்கள். அதை நான் பார்த்தேன். ஒருத்தரும் விழாத வெடி என்று ஒன்று இருந்ததே, அது போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லா வெடியும் ஊர் வெடிதான். நீங்கள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இருதயம் என்றார் வைத்தியர். நான் வைத்தியர் இல்லை, ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்கு மண்டபம் நிறையச் சனம். வீதியின் மறுபக்கம் போனவர்களும் வந்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதுதான் எங்கள் ஆட்களுக்குப் பயம். ஊர்ச்சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "கடைசி மூச்சுவரை ஆயுதத்தைக் கீழே வைக்காத இந்தப் பெருமகன்" என்று தொடங்கினார். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி என்னைப் பார்த்தார்.

நான் போய் ஒலிவாங்கியை வாங்கினேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவர் போராளி இல்லை. ஊரில் துவக்கைத் தொடவே இல்லை, பயத்தில் மாமூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்தவர். இங்கே வந்து கடுதாசிக்குச் சுட்டார். கடுதாசிக்கு மட்டும். அதில்தான் அவருக்குச் சந்தோசம் இருந்தது. அதை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பறித்துவிட்டோம்."

பின்பக்கம் ஒருவன் மூக்கால் சிரித்தான். பிறகு இரண்டு பேர். 'மாமூட்டை' என்று யாரோ திருப்பிச் சொல்ல, சிரிக்காமல் என்னையே பார்த்த அக்காவைத் தவிர முழு மண்டபமும் குலுங்கியது. கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று எத்தனையோ வருடமாக இதே முகத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் கண்டால் சிரித்துப் பழகிய சனம், பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டோடு பிரெசிதோன் இருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, மரியாதைக்கு அவரும் சிரித்தார்.

வாசலில் ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "செத்தவீட்டிலையும் சிரிக்க வைச்சிட்டாய் தம்பி, நீ கெட்டிக்காரன்" என்றார்.

அதோடு மேடை ஏறுவதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கடிதம் நன்றாக முடியும். விடவில்லை. அடுத்த மாதமே ஒரு பிறந்தநாள் விழாவில் ஏறினேன், நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் அண்ணை, இப்போது சிரிப்புக் கிளம்பும்போதெல்லாம் நான் வரிசை வரிசையாக முகங்களைப் பார்க்கிறேன். சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளையாவது தேடுகிறேன். அக்கா அந்த மாதிரி விழாக்களுக்கு வருவதில்லை.