வாசலில் என் முகம் தெரிந்தால் கடை மூடப்போகிறது

என் பாசமுள்ள சண்டைக்காரி வசந்திக்கு,

நீ இருக்கிற இடத்தில் கடைகண்ணி ஏதும் உண்டா? உண்டென்றால், ஐம்பத்தொரு வயதுக்காரியை வேலைக்கு எடுப்பார்களா என்று கொஞ்சம் விசாரித்து வை. சிரிக்காதே. வழக்கம்போலப் பகிடிக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மகள் நிரோஷாவின் விஷயத்தில் இன்று காலை ஒரு காரியம் செய்துவிட்டேன். செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் நேரம் பிந்திச் செய்துவிட்டேனோ என்று நிமிடத்துக்கொருதரம் போனை எடுத்துப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊரே வாசிக்க ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பாய். நம்மைப்போல மலிவுக்கடைகளில் கால்கடுக்க நிற்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தியாவது வாசிக்கட்டும்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம். அதற்குப் பிறகு நம்ம கம்பனிக்கு நடந்தது உனக்குத் தெரியாது. உடுப்பு, செருப்பு, சட்டிபானை, திரைச்சீலை, பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஒரே கூரையின் கீழ், எல்லாம் மலிவு என்று எத்தனை கிளை திறந்தார்கள்! இப்போது ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். சாமான் விலை ஏறியது, கட்டிட வாடகை ஏறியது. சனம் போனில் படத்தைத் தட்டினால் மோட்டார் சைக்கிளில் வாளி வீட்டு வாசலுக்கே வருகிறது. மலிவுக்கடையைவிட மலிவாக ஒன்று வந்துவிட்டால் மலிவுக்கடை எங்கே போய் நிற்கும்?

முதலில் பூட்டியது நம்ம கொட்டாஞ்சேனைக் கிளையைத்தான். நீ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

என் கையில் மைக்கைத் திணித்தவளே நீதானே, வசந்தி. தீபாவளி சேலுக்கு மைக் பிடிக்கிற ஆள் வராத அன்றைக்கு, "உம்மடை வாய்க்கு மைக்கே தேவையில்லை, எண்டாலும் பிடியும்" என்று என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டாய். "இந்த பெட்ஷீட்டை நல்லா இழுத்துப் பாருங்கம்மா, வீட்டு ஐயாவோட பொறுமை மாதிரி இல்ல, கிழியாது!" என்று தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று எடுத்துவிட்டேன். தெருவே நின்று சிரித்தது. பிள்ளைகள் உடுப்புப் பகுதியில் நீ மடிப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அதே மைக்கைத்தான் கடை பூட்டுகிற கடைசிப் பத்து நாளும் தந்தார்கள். நானும் விடவில்லை. பகிடியால் சனத்தைக் கூட்டினேன். கடை துடைத்துவிட்டாற்போல் ஆனது. சாமான் முடிந்ததும் அவற்றை அடுக்கி வைக்கிற றாக்கைகளை விற்றோம், ஆளுயரக் கண்ணாடிகளை விற்றோம். நீ இருந்து மடிக்கிற அந்த ஸ்டூலையும் ஒரு மனுசி கேட்டாள். நான்தான் கூவி விற்றேன். வாய் கூவியது, கண் அந்தப் பக்கம் போகவில்லை.

பெரிய ஒஃபீஸிலிருந்து மேலதிகாரி சேர் வந்து பார்த்துவிட்டு, "சரசு, யூ ஆர் வெரி குட். இனி உங்களை மற்றப் பிராஞ்சுக்கும் அனுப்பப் போறோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேர் சரஸ்வதி, படிப்பு ஐந்தாம் வகுப்பு, எனக்கும் ஒரு பதவி! கேசரி கிண்டி ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன். எதற்காக அனுப்புகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நுகேகொடையில்தான் விளங்கியது. அது எனக்கு மூன்றாவது கிளை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிறேன். கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்த ஒரு சிங்களப் பிள்ளை, "அனே, சரசு அக்கா ஆவா" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வந்துவிட்டேனாம். அவ்வளவுதான், கடை பூட்டப்போகிற விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சுவரில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அப்படித்தான். ஒரு கிளையில் ஒரு குறும்புக்காரி, "அக்கே, உங்களைக் கண்டா சவ வண்டியைக் கண்ட மாதிரி இருக்கு" என்றாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டு, சாப்பிடாமல் கை கழுவினேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஒரு கிளையைப் பூட்ட முடிவெடுத்ததும் பிள்ளைகள் எப்படியோ மோப்பம் பிடித்து வேறு வேலை தேடத் தொடங்குவார்கள். எல்லாரும் போய்விட்டால் கடைசிவரை நின்று விற்பது யார்? ஆகவே கெட்டிக்காரப் பிள்ளையாக, மற்றவர்கள் பேச்சைக் கேட்கிற பிள்ளையாக ஒருத்தியைப் பார்த்து சுப்பவைசர் பேட்ஜ் குத்திவிடுவார்கள். அவள் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். நான் போன ஒவ்வொரு கிளையிலும் அப்படி ஒரு புதுப் பேட்ஜ் மினுங்கிக்கொண்டு நின்றது. கடைசி நாள் ஷட்டரை இழுத்து மூடுவதும் அந்தப் பிள்ளைதான்.

இனி நான் சொல்லப்போவது உனக்கு நோகும்.

புதன்கிழமை சேர் போன் எடுத்தார். "சரசு, மண்டேல இருந்து நீங்க வெள்ளவத்தை."

வெள்ளவத்தையில் உன் மகள் வேலை செய்கிறாள், வசந்தி. நீ போன பிறகு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டது நான்தான்.

"ஸ்டாஃப் யாருக்கும் சொல்ல வேணாம். விஷயம் வெளியில போச்சுன்னா உங்களைத்தான் கேட்பேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "இது முடிஞ்சாப்பிறகு ஒஃபீஸ்ல உங்களுக்கு ஒரு இடம் பார்ப்போம்." நல்ல மனுசன்தான். அவருக்கும் மேலே யாரோ இருப்பார்கள். ஆனால் அந்தப் 'பார்ப்போம்' என் காதுக்குள் இருந்து இறங்கவே இல்லை.

நேற்றுப் பின்னேரம் நிரோஷா போன் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அன்ரி, ஒரு சந்தோசமான விஷயம்! என்னைச் சுப்பவைசர் ஆக்கிப்போட்டினம்!"

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"அந்தப் பல்லு டொக்டரின்ரை கிளினிக்கிலை ஆள் கேட்டவை எல்லே? நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை முடிவு சொல்லச் சொன்னவை. வரேல்லை எண்டு சொல்லப்போறன். இவ்வளவு நம்பி பேட்ஜ் குத்தினாப் பிறகு ஆராவது விட்டிட்டுப் போவினமோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடி ஆத்தே! இனி உனக்கு சல்யூட் அடிச்சாத்தான் உள்ளே விடுவியாடி?" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்தேன்.

பயந்துவிட்டேன், வசந்தி. அவளுக்குச் சொன்னால் அவள் இன்னொருத்திக்குச் சொல்வாள், விடிய முழுக்கடைக்கும் தெரிந்துவிடும், சேர் என்னைத்தான் கேட்பார். வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கி, ஓட்டோ ஓட்டுவதை விட்டு நாலு மாதம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்கப் போனேன். மேசையில் இருந்த பிள்ளை என் முகத்தை ஒருதரம், அடையாள அட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது நின்டுக்கிட்டே செய்ற வேலை" என்றது. முப்பது வருடம் நின்றவளிடம்!

ஆனால் உன் பிள்ளைக்கு இந்தக் கொழும்பில் யார் இருக்கிறார்கள்? வாடகை அறை, ஒரு கேஸ் குக்கர், சுவரில் உன் படம். கிளினிக் வேலையையும் விட்டு, கடையும் பூட்டினால் அவள் எங்கே போவாள்? உன்னிடம் கேட்கிறேன். நீயென்றால் என் பிள்ளையோடு இப்படிச் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்திருப்பாயா?

விடிந்ததும் எனக்குள் ஒரு தந்திரம் தோன்றியது. சொல்லக்கூடாது என்றுதானே சேர் சொன்னார்? போகக்கூடாது என்று சொல்லவில்லையே. இன்று எனக்கு லீவு. தேத்தண்ணீர் வடி ஒன்று வாங்கப் போனேன் என்று இருக்கட்டும். நான் வாய் திறக்கவே வேண்டாம், என் முகத்தைக் கண்டால் போதும். இப்படி நினைத்துக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எவ்வளவு கெட்டிக்காரி பார்த்தாயா? தைரியம் இல்லாதவளுக்குத்தான் இவ்வளவு தந்திரம் வரும்.

காலி வீதியில் இறங்கி, கடை வாசலில் காலை வைத்தேன். செக்கியூரிட்டி மனுசன் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். துணி மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கைகள் நின்றன. முந்திக் கொட்டாஞ்சேனையில் நம்மோடு நின்ற மாளிகாவத்தை ரிஸ்னா கிட்டே வந்து, காதோடு, "எப்ப அக்கா?" என்று மட்டும் கேட்டாள். என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. ஒருத்தியைத் தவிர.

"அன்ரி!" என்று திரைச்சீலைப் பகுதியிலிருந்து உன் மகள் ஓடி வந்தாள். "என்னைப் பாக்கத்தானே வந்தனீங்கள்? எங்கை, சல்யூட்டைக் காணேல்லை?"

கடைப் பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தில் மூடுவிழாவைப் பார்க்க, அவள் மட்டும் அன்ரியைப் பார்த்தாள். பேட்ஜ் கொஞ்சம் சரிந்து இருந்தது. அதை நேராக்கிவிட என் கை போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

திரைச்சீலைகளுக்கு இடையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "நிரோ, திங்கக்கிழமையில இருந்து என்னை இங்க அனுப்புறாங்க."

"அப்ப நல்லம்தானே, ஒண்டா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இல்லை அன்ரி. இஞ்சை அப்பிடி இராது. இஞ்சை சனம் வருது. என்னைச் சுப்பவைசராயும் ஆக்கினவை எல்லே."

"அதனாலதான்டி சொல்றேன்." மற்றக் கிளைகளில் நான் கண்ட பேட்ஜ்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கையால் பேட்ஜை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"அப்ப நேற்று தெரிஞ்சுகொண்டுதான் என்னோடை சிரிச்சனீங்கள்."

வசந்தி, உன் பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் பக்கத்தில் கிடந்த திரைச்சீலை ஒன்றை மடிக்கத் தொடங்கினேன்.

"கிளினிக்குக்கு மத்தியானம்வரைக்கும் டைம் இருக்கு. ஓடு" என்றேன்.

"காலமை எட்டு மணிக்கே எடுத்துச் சொல்லிப்போட்டன், அன்ரி. வரேல்லையெண்டு."

அந்த ஒரு இரவை நான் வீணாக்கினேன். வேறு யாரும் இல்லை, நான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போய், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அந்தக் கிளினிக்கை நோக்கி நடந்தாள். பேட்ஜைக் கழற்றக்கூட நினைவில்லை. வாங்க வந்த வடியை மறந்து நான் வாசலிலேயே நின்றேன். படியில் கடை மனேஜர் என்னைப் பார்த்தபடி போனைக் காதில் வைத்திருந்தார்.

இரண்டு மணிக்கு சேர் எடுத்தார். "சரசு, இன்னைக்கு வெள்ளவத்தைக்குப் போனீங்களா?"

வடி வாங்கப் போனேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பகிடி விட்டால் தப்பியிருப்பேன். "ஆமா சேர். போய்ப் பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

"சரி. மண்டே வெள்ளவத்தைக்குப் போக வேணாம். ஒஃபீசுக்கு வாங்க."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெம்பில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார், நான் ஏதோ லெட்டர் எழுதுகிறேன் என்று பார்க்கிறார்.

நிரோஷா இப்போதுதான் ஒரு மெசேஜ் போட்டாள். "வேறை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டினமாம். எண்டாலும் டொக்டரிட்டைக் கேட்டுப் பாக்கினமாம்." அவ்வளவுதான். அன்ரி என்று போடவில்லை. மூன்றுதரம் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.

திங்கட்கிழமையை நினைத்தால் எனக்குப் பயம்தான், வசந்தி. என்றாலும் உனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். எந்தக் கடை வாசலில் என்னை நிறுத்தினாலும், உள்ளே நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் சனத்தைக் கூப்பிடுவேன். இனி எந்த வாசலிலும் என்னை நிறுத்தவே மாட்டார்கள் என்றால், இந்தக் கடிதமே போய் அந்த வாசல்களில் நிற்கட்டும். உன் பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால், அடுத்த வேலை கிடைக்கும்வரை அவள் சாப்பாடு என் சட்டியில். அவள் முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நிரோஷா மன்னித்தால் அவளுக்கு அன்ரி,
மன்னிக்காவிட்டாலும் உனக்குத் தங்கச்சி,
சரசு